உடைமைக் குறைப்பும் மனைவியின் உடைமையும்: காந்தியடிகளின் 1927ஆம் ஆண்டுப் பெங்களூர், செட்டிநாட்டு நாள்களை முன்வைத்து

இல்லத்துப் பொருள்களைக் குறைத்து, தேவைக்கு வேண்டுவனவற்றை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்தல் என்னும் கருத்து இந்திய அறநூல்களுக்குப் புதியதன்று. சமணர் துறவியர்க்கு உரைத்த ஐந்து நோன்புகளுள் உடைமை கொள்ளாமையும் ஒன்றாகும். இல்லறத்தார்க்கு அது தளர்த்தப்பட்டு, தாம் வைத்துக்கொள்ளும் பொருளுக்குத் தாமே ஓர் எல்லை வகுத்துக்கொள்ளும் ‘பொருள் வரைதல்’ ஆயிற்று. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் புறநானூற்று 189ஆம் பாடலில், அரசனாயினும் வேடனாயினும் உடலின் தேவை ஒத்த அளவினதே என்று காட்டி, செல்வத்தின் பயனை ஈதலில் வைக்கிறார். இவ்வறவுரைகள் பொருளுடையானை நோக்கிப் பேசுகின்றன. பொருளுடையாள் ஒருத்தி அதே வீட்டில் இருக்கக்கூடும் என்பதை அவை பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை.

சிலப்பதிகாரம் இதற்கு விலக்காக நிற்கிறது எனலாம். கோவலன் குலத்து முன்னோர் ஈட்டிய பொருட்குவை தொலைந்தபின் எஞ்சியது கண்ணகியின் காற்சிலம்பு. கனாத்திறம் உரைத்த காதையில், கேட்கப்படுமுன்னரே அவள் அதனை எடுத்து நீட்டுகிறாள். ஒரு வீடு வறிதாகும்போது கடைசியாக வெளியேறும் பொருள் மனைவியின் அணிகலன் என்பதும், அதனை விற்கும் கை கணவனுடையது என்பதும் காப்பியக் கதையின் அச்சாக அமைந்துள்ளன. கோவலனுடைய வீடு களியாட்டால் வெறுமையுற்றது. ஆனால் ஒருவன் அறத்தின்பொருட்டுத் தன் வீட்டை வெறுமையாக்க முனைந்தால் அப்பொழுதும் இவ்வினா எழுமா? காந்தியடிகளின் வாழ்க்கை இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகிறது. அவர் பெங்களூரிலும் அதனை அடுத்துச் செட்டிநாட்டிலும் கழித்த 1927ஆம் ஆண்டின் நாள்கள், அதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாக அமைகின்றன.

பெங்களூர்த் தங்கல்

1927 மார்ச்சு இறுதியில் கோலாப்பூர்ப் பகுதியில் கதர்ச் சுற்றுப்பயணம் மேற்கொண்டிருந்தபோது காந்தியடிகள் உடல்நலம் குன்றினார். குருதி அழுத்தம் மிகுந்திருந்தமையின் மருத்துவர் முழு ஓய்வை வற்புறுத்தினர். ஏப்ரலில் நந்தி மலைக்கும், சூன் முதல் வாரத்தில் பெங்களூர்க் குமார பார்க்கிற்கும் அவர் அழைத்துச் செல்லப்பட்டார். ஆகஸ்டு இறுதிவரை அங்கே தங்கினார். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மன்னராகவும் மிர்சா இஸ்மாயில் திவானாகவும் விளங்கிய காலம் அது. மைசூர் அரசு அவரை விருந்தினராகப் போற்றியது. இராஜாஜி உடனிருந்து கவனித்துக்கொண்டார். பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பயின்றவராதலின் நகரம் அவருக்குப் பழக்கமானது.

அரை ஆடையும் கைராட்டையும் தவிரத் தமக்கென ஏதும் வேண்டாதவர் அரச விருந்தினராகத் தங்கியதில் ஒரு முரண் இல்லாமலில்லை. காந்தியை ஏழையாக வைத்திருப்பதற்குப் பெருஞ்செலவு ஆகிறது என்று சரோஜினி நாயுடு நகையாடியதாக வழங்கும் கூற்று பலரும் அறிந்தது. அந்நகையாடலில் உள்ள உண்மை செலவைப் பற்றியது மட்டுமன்று. ஒருவர் தம் உடைமையைக் குறைக்கும்பொழுது, அக்குறைவைத் தாங்கும் பொறுப்பு வேறு சிலர்மேல் இறங்குகிறது. அச்சிலருள் முதலாமவர் எப்போதும் வீட்டுப் பெண்.

பெங்களூரில் அவர் முற்றிலும் வாளாவிருந்தாரல்லர். சூலைத் தொடக்கத்தில் நகரில் நடந்த கதர்க் கண்காட்சியைத் திறந்து வைத்தார். நஞ்சன்கூட்டை அடுத்த பதனவாளுவில் கதர் நூற்பு நிலையம் தோன்றியதும் இவ்வாண்டிலேயே. காந்தியடிகள் பேசிய எளிமை வெறும் கழித்தல் கணக்கன்று என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. அயல்நாட்டுத் துணி வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். அவ்விடத்தில் இராட்டை வந்து சேர வேண்டும். இராட்டை நூற்கும் சிற்றூர்ப் பெண்ணுக்குச் சில அணாக் கூலி கிடைக்க வேண்டும். அக்கூலி சிறிதாயினும் அவள் கையில் நேரே சேர்ந்த பணம். பெண்ணின் உடைமை பற்றிய கணக்கில் கதர் இயக்கத்தின் வரவுப் பக்கத்தில் வைக்கவேண்டியது இது. செலவுப் பக்கமும் உண்டு.

டர்பன் நகைகள்

காந்தியடிகளின் தன்வரலாறு 1925 இறுதி முதல் 1929 தொடக்கம்வரை இதழ்களில் தொடராக வந்தது. அதன் முதல் தொகுதி நூலுருப் பெற்ற ஆண்டு 1927 ஆகும். அத்தொகுதியில், 1901இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்ப முற்பட்டபோது நிகழ்ந்தவற்றைக் கூறும் இயல் ஒன்றுண்டு. டர்பன் நகர இந்தியர் பொன்னும் வெள்ளியும் வைரமுமாகப் பரிசுகள் வழங்கினர். அவற்றுள் ஐம்பது கினி மதிப்புள்ள தங்கக் கழுத்தணி ஒன்று கஸ்தூரிபா அம்மையாருக்கு உரியதாகத் தரப்பட்டது. பொதுத்தொண்டிற்குக் கைம்மாறு கொள்ளலாகாது என்று இரவெல்லாம் உறங்காது எண்ணிய காந்தியடிகள், எல்லாவற்றையும் ஓர் அறக்கட்டளைக்கு உரிமையாக்கப் பார்சி ருஸ்தம்ஜி முதலியோரைப் பொறுப்பாளராக அமர்த்தி ஆவணம் எழுதினார்.

விடிந்ததும் அவர் செய்த முதற்செயல் நோக்கத்தக்கது. பிள்ளைகளை முதலில் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார். அதன் பின்னரே மனைவியிடம் பேசினார். கஸ்தூரிபா அம்மையார் எளிதில் இசையவில்லை. தமக்கு நகை வேண்டாமாயினும் நாளை வரப்போகும் மருமகள்களுக்கு வேண்டுமே என்றார். பிள்ளைகளை இப்பொழுதே துறவிகளாக்கப் பார்க்கிறீர்கள் என்று சாடினார். இறுதியாக, தமக்குத் தந்த கழுத்தணியின்மீது கணவருக்கு என்ன உரிமை என்று கேட்டார். அது யாருடைய தொண்டிற்காக வந்தது என்று கணவர் திருப்பிக் கேட்டபோது, கணவரின் தொண்டு தம் தொண்டுமாகும் என்றும், இரவும் பகலும் தாம் உழைத்தது தொண்டாகாதா என்றும் வினவினார். இவ்வினாக்கள் தம்மைத் தைத்தன என்று காந்தியடிகளே எழுதுகிறார். எவ்வாறோ இசைவை வருவித்துக்கொண்டதாகவும் மறையாமல் கூறுகிறார். பின்னாளில் இச்செயலுக்காகத் தாம் வருந்தியதில்லை என்றும், அம்மையாரும் அதன் நன்மையை உணர்ந்தார் என்றும் இயலை முடிக்கிறார். அம்மையார் உணர்ந்ததை அவர் கூற்றாக அன்றிக் கணவர் கூற்றாகவே நாம் பெறுகிறோம்.

கழுத்தணி பற்றிய உரிமை வினாவிற்குச் சட்டம் என்ன விடை தந்திருக்கும் என்பது ஆராயத்தக்கது. மனைவியின் தனிச்சொத்தாகிய ஸ்திரீதனத்தை அக்காலத்து இந்துச் சட்டம் இருவகையாகப் பிரித்தது. பெற்றோரும் உறவினரும் அன்பினால் தந்தது சௌதாயிகம். அதன்மேல் அவளுக்கு முழு ஆட்சி உண்டு. அயலார் தந்ததும் தன் உழைப்பால் ஈட்டியதும் அவளுடையனவே எனினும், கணவன் உயிரோடிருக்கும்வரை அவற்றின்மேல் அவனது கட்டுப்பாடு இருந்தது. டர்பன் இந்தியர் அளித்த கழுத்தணி இரண்டாம் வகையில் அடங்கும். மேலும், பஞ்சம், நோய், சிறைப்பாடு ஆகிய காலங்களிலும் அறச்செயலின் பொருட்டும் கணவன் எடுத்துக்கொண்ட ஸ்திரீதனத்தைத் திருப்பித்தரக் கடமைப்பட்டவனல்லன் என்று யாக்ஞவல்கியர் நூல் விதிக்கிறது. ஆக, அம்மையாரின் வினா அறத்தின் முன் வலிமையுடையது. சட்டத்தின் முன் வலுவற்றது. வீட்டு எளிமை என்பது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இடத்திலேயே நிகழ்ந்தது.

பின்னர் இந்தியாவில் எடுத்திருந்த பத்தாயிரம் ரூபாய் ஆயுள் காப்பீட்டையும், கீதையில் கண்ட ‘அபரிகிரகம்’ என்னும் சொல்லின் தாக்கத்தால், ஜோகானஸ்பர்க்கில் இருந்தபோது காலாவதியாக விட்டார். கணவனுக்குப்பின் மனைவி மக்களைக் காப்பதற்கென்றே எடுக்கப்படும் பொருள் காப்பீடு. நகை, காப்பீடு ஆகிய இரண்டும் மனைவியின் பிற்கால நலத்தோடு பிணைந்தவை என்பதையும், இரண்டிலும் முடிவு கணவருடையது என்பதையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். அவர் தம் வழக்கறிஞர் வருவாயையும் உடையையும் உணவையும் துறந்ததை இதனால் குறைத்து மதிப்பிட இயலாது. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் மேற்கொண்ட உடை மாற்றம் முழுக்க முழுக்கத் தம்முடையதை மட்டும் குறைத்துக்கொண்ட செயல். டர்பனில் நிகழ்ந்தது அதனின் வேறுபட்டது.

செட்டிநாட்டு வீடுகள்

பெங்களூரை நீங்கித் தமிழகச் சுற்றுப்பயணம் மேற்கொண்ட காந்தியடிகள் செப்டம்பரில் காரைக்குடி, தேவகோட்டை முதலிய ஊர்களுக்குச் சென்றார். நகரத்தார் வீடுகளில் நிரம்பிக் கிடந்த அயல்நாட்டு அறைகலன்கள் அவரை வியப்பினும் வருத்தத்திலேயே ஆழ்த்தின. பொதுமேடையில் இதனை மறையாது உரைத்தார். உட்காரவும் நல்ல காற்றை நுகரவும் இடமின்றி வீடுகள் பொருள்களால் அடைபட்டுள்ளன என்றும், சுவரில் தொங்கும் படங்களுள் சில பார்க்கத் தகாதன என்றும் குறைகூறினார். வீடுகளை ஒழுங்குசெய்யும் ஒப்பந்தத்தைத் தம்மிடம் விட்டால், செலவில் பத்தில் ஒரு பங்கிற்கே கூடுதல் வசதியும் கலையழகும் தோன்ற அமைத்துத் தருவதாகவும் நகைச்சுவையோடு கூறினார். வீட்டுப் பொருள் குறைப்பைப் பற்றித் தமிழ் மண்ணில் நிகழ்த்தப்பட்ட மிக வெளிப்படையான பேச்சு இதுவே எனலாம். விருந்தோம்பியவர்களின் கூடத்தையே குறைசொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. அதனைக் கேட்டுக்கொள்ளும் பொறுமை நகரத்தாருக்கும் இருந்தது.

அவ்வீடுகளின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் பொருள்களும் இருவகைப்பட்டமை புலனாகும். பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியக் கண்ணாடி, ஐரோப்பிய நாற்காலி ஆகியவை முன்பகுதிக்கு உரியவை. பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்திய ஆடவரின் செல்வ நிலையை விருந்தினர்க்குக் காட்டுவன அவை. வளவைச் சுற்றி அமைந்த அறைகளில் இருந்தவை வேறு. மணமான ஒவ்வொரு மகனும் மனைவியும் ஒரு ‘புள்ளி’யாகக் கணக்கிடப்பட, அப்புள்ளிக்கென ஓர் அறை ஒதுக்கப்பட்டது. பித்தளை, வெண்கலம், வெள்ளி, மரம், பாய், துணி எனப் பெண் வீட்டார் முறைப்படி எழுதிக் கொடுத்த சீர்ப்பொருள்கள் அங்கே அடுக்கப்பட்டன. நகரத்தார் பெண்டிரின் சொத்துரிமையை ஆராய்ந்த யூக்கோ நிஷிமுரா இப்பொருள்களின்மீது பெண்ணுக்கும் அவள் பிறந்த வீட்டிற்கும் இருந்த உரிமைப் பிணைப்பை விரிவாகக் காட்டியுள்ளார். ‘ஆச்சிமார் பணம்’ என்று தனிப்பெயர் பெற்று, பெண்களின் சீதனத் தொகை வட்டிக்கடைகளில் வைப்பாக இருந்தமையை டேவிட் ரட்னரின் ஆய்வு எடுத்துரைக்கிறது.

இப்பின்னணியில் வைத்துப் பார்த்தால் காந்தியடிகளின் குறைகூறல் கூடத்துப் பொருள்களை, அதாவது ஆடவரின் பொருள்களை நோக்கியதே ஆகும். இந்த அளவில் அது நேரியது. ஆயின் அதே பயணத்தில், பெண்கள் கூட்டங்களில் கதர் நிதிக்காக நகைகளைக் கழற்றித் தருமாறு அவர் கேட்பதும் வழக்கமாக இருந்தது. நாற்காலி பற்றியது ஒரு நகைச்சுவை. நகை பற்றியது ஒரு வேண்டுகோள். நகையை அங்கேயே கழற்றலாம், ஏலத்தில் விடலாம், நிதியில் சேர்க்கலாம். தேக்கு அலமாரியைக் கூட்டத்தின் நடுவே கழற்றித் தர இயலாது. எனவே குறைக்கப்பட்டவை பெண்டிரின் வளையல்களாயின. கூடத்து நாற்காலிகளோ பல வீடுகளில் வணிகம் நொடிக்கும்வரை இருந்த இடத்திலேயே இருந்தன. இவ்விளைவு நோக்கத்தால் நேர்ந்ததன்று. பொருள்களின் இயல்பால் நேர்ந்தது. ஆயினும் விளைவு விளைவே.

மைசூர்ச் சட்டமும் கண்டோன்மென்டும்

பெங்களூரில் இதே காலத்தில் வேறொரு சிந்தனை முளைவிட்டு வளர்ந்தது. இந்துப் பெண்களின் உரிமை பற்றி ஆராய்வதற்கு மைசூர் அரசு கே. எஸ். சந்திரசேகர ஐயர் தலைமையில் குழு அமைத்தது. அதன் பரிந்துரைகளின் வழியே 1933இல் இந்துச் சட்டப் பெண்கள் உரிமைச் சட்டம் நிறைவேறியது. ஸ்திரீதனத்தின் எல்லையை அது விரித்தது. அணிகலன், ஆடை, உற்றார் தந்தவை, தன் உழைப்பால் ஈட்டியவை முதலியன அதனுள் அடங்கின. அவற்றை நுகரவும் பிறர்க்குக் கொடுக்கவும் விருப்பமுறி எழுதவும் பெண்ணுக்கு முழு உரிமை தரப்பட்டது. கூட்டுக்குடும்பச் சொத்துப் பிரிவினையில் மனைவி, தாய், மணமாகாத மகள் ஆகியோர்க்குக் குறிப்பிட்ட பங்கும் வகுக்கப்பட்டது. பிரித்தானிய இந்தியாவில் கைம்பெண்களுக்கு வரையறுத்த உரிமை வழங்கிய 1937ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு இது நான்காண்டு முற்பட்டது. 1901இல் கஸ்தூரிபா அம்மையார் கேட்ட வினாவிற்குச் சட்டம் அளித்த விடை என்று இதனைக் கொள்ளலாம்.

பெங்களூர்த் தமிழர் வரலாற்றை ஆராய்வோர் இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 1809இல் படைமுகாமாகத் தொடங்கிய கண்டோன்மென்ட், 1881இல் மைசூர் மீண்டும் உடையார் ஆட்சிக்கு வந்தபோது, குடிமை இராணுவ நிலையம் என்னும் பெயரில் பிரித்தானிய ஆட்சியிலேயே நிறுத்திக்கொள்ளப்பட்டது. 1947இல்தான் அது மைசூரிடம் திரும்பியது. அல்சூர், இன்றைய சிவாஜி நகர் முதலிய தமிழர் செறிந்த பகுதிகள் அந்நிலையத்தினுள் அடங்கியவை. ரெசிடெண்டின் அதிகாரத்திற்கு உட்பட்ட அப்பகுதியில் மைசூர்ச் சட்டமன்றத்தின் ஆணை செல்லாது. மல்லேசுவரத்தில் வாழ்ந்த பெண்ணுக்கு 1933இல் கிட்டிய உரிமை, சில கல் தொலைவில் அல்சூரில் வாழ்ந்த தமிழ்ப் பெண்ணுக்குக் கிட்டவில்லை. அவளைப் பொறுத்தவரை கழுத்திலும் கையிலும் கிடந்த பொன்னே சேமிப்பும் காப்பீடும் முதுமைக்குத் துணையும் ஆகும். வீட்டில் மிகுதியாக உள்ளதைக் கழித்துவிடுக என்று அவளிடம் கூறுவது, நிலமும் வைப்புத்தொகையும் கடையும் உடைய ஒருவனிடம் கூறுவதினின்றும் வேறானது. எளிமை அறத்தின் எடை இருவர்க்கும் ஒன்றன்று.

கௌமுதியின் கொடை

காந்தியடிகளின் நோக்கு மாறாதிருந்தது என்று கூறுதல் பொருந்தாது. 1930இல் எரவாடாச் சிறையிலிருந்து ஆசிரமத்தார்க்கு எழுதிய கடிதங்களுள் ஒன்றில், உடைமை கொள்ளாமையை அவரவர் தாமே விரும்பி மேற்கொள்ளும் தேவைக் குறைப்பாக அவர் விளக்கினார். பிறர்மேல் சுமத்தும் துறவு துறவாகாது என்னும் தெளிவு அதில் அடங்கியுள்ளது. 1934 சனவரியில் அரிசன நிதிக்காகத் தென்னாட்டில் சுற்றியபோது மைசூர், பெங்களூர் ஆகிய நகரங்களுக்கு மீண்டும் வந்தார். அம்மாதமே மலபாரின் வடகரையில் நிகழ்ந்தது டர்பன் நிகழ்ச்சிக்கு எதிர்முனையில் வைத்து எண்ணத்தக்கது.

கௌமுதி என்னும் பதினாறு வயதுப் பெண் மேடையேறித் தன் வளையலைக் கழற்றினாள். பின் கழுத்தணியையும் காதணியையும் தந்தாள். காந்தியடிகள் உடனே மகிழ்ந்து வாங்கிக்கொள்ளவில்லை. பெற்றோர் இசைவு உண்டா என்று கேட்டறிந்தார். தந்ததற்கு ஈடாகப் புதியன செய்துகொள்வதில்லை என்னும் உறுதியையும் பெற்றார். அதன் பின்னர் அத்துறவைப் பாராட்டி ‘அரிஜன்’ இதழில் எழுதினார். அப்பெண்மணி வாழ்நாள் முழுதும் நகை அணியாதிருந்தார். இங்கு இசைவை வருவிக்க வேண்டிய தேவையே எழவில்லை. கொடுத்தவள் உடையவளே. பெண் ஒருத்தி பொதுமேடையில் தன் பொருளைத் தானே கொடுக்கும் செயல், அப்பொருள் தன்னுடையது என்பதை ஊரறியச் சாற்றும் செயலுமாகும். நகைக்கொடையைச் சுரண்டல் என்று மட்டும் வாசிப்போர் இக்கூற்றைத் தவறவிடுகின்றனர். அவளுடைய பெற்றோரின் இசைவு கேட்கப்பட்டதையும் மறத்தற்கில்லை.

சட்டம் இவ்விடத்திற்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் உடைமையை முழு உடைமையாக்கியது. பிறவியால் வரும் பங்குரிமையைத் தமிழகம் 1989இலும் கருநாடகம் 1994இலும் நாடு முழுமையும் 2005இலும் மகளுக்கு அளித்தன. இடையே 1985இல் பிரதிபா ராணி வழக்கில், மனைவியின் ஸ்திரீதனம் கணவன் வீட்டில் இருப்பினும் அது அவளுடையதே என்றும், கணவன் அதனைக் காத்து வைத்திருப்பவன் மட்டுமே என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செல்வர் தம் பொருளைச் சமுதாயத்தின் சார்பில் காத்து வைத்திருக்கும் பொறுப்பாளரே என்பது காந்தியடிகளின் தருமகர்த்தாக் கொள்கை. அதே உறவுமுறையை வீட்டினுள் கணவனுக்கும் மனைவியின் நகைக்கும் இடையே நீதிமன்றம் நிறுவியது.

செட்டிநாட்டு வீடுகளின் பொருள்கள் குறைந்த வரலாறு காந்தியடிகள் விரும்பிய வழியில் நிகழவில்லை. 1941–42இல் பர்மாவில் சப்பானியர் புகுந்தமையும், 1948ஆம் ஆண்டு நிலத் தேசியமயச் சட்டமும், 1960களில் நிகழ்ந்த நாட்டுடைமையாக்கமும் நகரத்தாரின் கடல்கடந்த செல்வத்தைத் தேய்த்தன. பங்குகள் பிரிந்தன, வீடுகள் பூட்டப்பட்டன, சில இடிக்கப்பட்டன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பெல்ஜியக் கண்ணாடியும் தேக்கு நாற்காலியும் வெண்கல உருளியும் பித்தளைக் குடமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. அங்கிருந்து கதவுகளும் தூண்களும் பெங்களூர்ப் புதுமனைகளின் முகப்புக்கும் வந்து சேர்ந்துள்ளன. கூடத்துப் பொருளும் அறைப்பொருளும் அக்கடைகளில் வேறுபாடின்றிக் கலந்து கிடக்கின்றன. சீர்ப் பாத்திரங்களில் பெயரையோ தலைப்பெழுத்துகளையோ வெட்டிக் கொடுத்தல் தமிழகத்துப் பொதுவழக்கம். அக்கடைக் குடங்களின் விளிம்பில் அவ்வெழுத்துகளை இன்றும் படிக்கலாம்.